பாதிரிமார் சரக்கா இது?

இலக்கிய வரலாற்று மேடைகளில் கிறிஸ்தவக் கவிதை என்றால் தேம்பாவணியின் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். கீழே இறங்கியதும், "அதெல்லாம் பாதிரிமார் மதம் பரப்ப எழுதியது. அவங்க சபைக்கு வெளியே யார் படிக்கிறாங்க?" என்பார்கள்.

முதலில் பாதிரிமார். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இத்தாலியர், இயேசு சபைக் குரு; மறுக்கவில்லை. அவருக்குப் பின்? திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார். அதே நெல்லைச் சீமையின் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. சாஸ்திரியார் மிஷனரிகளோடு மோதவே செய்தார். 1820களில் புதிதாக வந்தவர்கள் தமிழ் இசைப்பாட்டையும் விழாக்களில் பூவையும் விலக்கப் பார்த்தபோது எதிர்த்து எழுதினார். (அதே எழுத்தில் சாதிப் பிரிவையும் ஆதரித்தார், அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனமில்லை.) பெத்லகேம் குறவஞ்சி பாடிய அவர் கப்பலில் வந்தவரல்ல.

கதை வெளியிலிருந்து வந்ததுதானே? ஆம். கிருஷ்ணபிள்ளையின் காப்பியமான இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலம் ஜான் பனியனின் ஆங்கில நூல். கம்பனுக்கு மூலம் வான்மீகி. வாங்கியவன் என்ன செய்தான் என்று பாருங்கள். தேம்பாவணியின் நாயகர் யோசேப்பு. சுவிசேஷங்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அந்த வாய்பேசாத தச்சரை நாட்டுப் படலம், நகரப் படலம் என்று காப்பிய முறைப்படி தொடங்கி 3,615 பாடல்களில் நிறுத்தியிருக்கிறார் முனிவர்.

அடுத்தது பிரச்சாரம். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு வாதிட வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' என்று உரைநடையில் தனி நூலே எழுதினார். காப்பியத்திலும் வாதம் நுழைகிற இடங்கள் உண்டு. அங்கெல்லாம் கவிதை களைத்துப்போகிறது என்பது என் கணிப்பு. ஜெபம் அப்படியல்ல. கிருஷ்ணபிள்ளை தம் காப்பியத்துக்குள் இசைப்பாடல்களை வைத்து அவற்றுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். வைணவ வீட்டுப் பிள்ளை, சைவப் பெயர், கிறிஸ்துவிடம் மன்றாட்டு! தன் தகுதியின்மையைச் சொல்லிக் கடவுளிடம் அழுகிறவன், எதிர்வீட்டுக்காரனை மதம் மாற்றவா அழுகிறான்? இது பிரச்சாரம் என்றால் ஆழ்வார் பாசுரத்தையும் அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

சபைக்கு வெளியே மதிப்பில்லை என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகள் கச்சேரிகளில் ஒலித்தவை. பழுத்த சைவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். கண்ணதாசன் இயேசு காவியம் எழுதினார். குறை சொல்வதானால் சபைக்குள் இருப்பவர்களைச் சொல்லலாம்: கீர்த்தனை பாடுகிறார்கள், காப்பியங்களைத் திறப்பதில்லை.

இன்னும் மறுப்பவர்கள் இரட்சணிய யாத்திரிகம் முழுவதையும் படிக்க வேண்டாம். அந்தத் தேவாரப் பாடல்களை மட்டும் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.