எல்லாப் பள்ளிக்கும் ஒரே பூட்டா?

2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது; பள்ளிகள் மூடிக் கிடந்தன. உயிருக்குப் பயந்து மூடியதை நாம் குறை சொல்லோம். திறப்பதா, வேண்டாமா என்ற சண்டையில் பெற்றோரும் ஆசிரியரும் எதிரெதிரே நின்றார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

"திறவுங்கள்" என்ற தாய் பிள்ளையின் உயிரை அற்பமாக எண்ணியவளா? வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசியோடு அவள் விடியுமுன் பால்வெட்டப் போய்விட்டால், பிள்ளைகள் எதைப் பார்த்துப் படிப்பது? "பொறுங்கள்" என்ற ஆசிரியர்தான் சோம்பேறியா? இந்நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியதே 2021 பிப்ரவரியில்!

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. குற்றம் ஆணையில் இருக்கிறது. ஜூலையில் திறந்த பள்ளிகளை 2020 நவம்பர் 9-இல் மீண்டும் மூடினார்கள். ஆயிரம் பிள்ளைகள் நெருக்கும் பட்டணத்துப் பள்ளிக்கும், 150 பிள்ளைகள்கூட இல்லாத தோட்டத் தமிழ்ப் பள்ளிக்கும் ஒரே பூட்டு! தள்ளித் தள்ளி உட்கார இடமிருந்த வகுப்பறை காலியாகக் கிடந்தது; இணையம் எட்டாத லயத்தில் பிள்ளை எழுத்தை மறந்தது.

இனியொரு கொள்ளைநோய் வந்தால் சிறு பள்ளியை முதலில் திறக்க வேண்டும். ஆசிரியருக்குத் தடுப்பூசி முந்த வேண்டும். லயங்களுக்கு இணையமோ இப்போதே வேண்டும். இதைப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து கேட்கட்டும். பிரிந்து கேட்டால் எவன் காதிலும் விழாது!