சான்றிதழ் பெற்ற தரகரும் சட்டத்திற்கு வெளியே நிற்கும் தாராவியும்

தாராவியின் 90 அடிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் வீட்டுத் தரகு என்பது தனித் தொழிலாக இருப்பது அரிது. தேநீர்க் கடை வைத்திருப்பவர், அலைபேசிக்குப் பணம் ஏற்றித் தருபவர், சீட்டுப் பிடிப்பவர் ஆகியோரே ‘கோளி காலியாக இருக்கிறது’ என்ற செய்தியையும் கைமாற்றுகின்றனர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அதே தொழில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், குளிரூட்டிய அறையில் நடக்கிறது. அங்குள்ளவரின் பெயர் ‘தலால்’ அல்ல, ‘சொத்து ஆலோசகர்’. இந்த இரண்டு தரகர்களில் ஒருவரை மட்டுமே மகாராஷ்டிர அரசின் புதிய கல்வித் திட்டம் கண்டுகொண்டிருக்கிறது.

மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரேரா, 2023 ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. ரியல் எஸ்டேட் முகவர்கள் அனைவரும் பயிற்சி பெற்று, தேர்வெழுதி, தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்பதே அது. அதே ஆண்டு மே மாதம் முதல் தேர்வு நடந்தது. காலக்கெடு நீட்டிக்கப்பட்டு, 2024 ஜனவரி 1 முதல் சான்றிதழ் கட்டாயமாயிற்று. சான்றிதழ் பெறாத ஏறத்தாழ 20,000 முகவர்களின் பதிவு 2024இல் நிறுத்தி வைக்கப்பட்டது.

இதை எதிர்க்க வேண்டியதில்லை. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் முப்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வைப்பு நிதியை ஒரே கையெழுத்தில் கட்டுமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் செம்பூர்வாசிக்கு, எதிரே அமர்ந்திருப்பவர் சட்டம் தெரிந்தவராக இருப்பது நல்லதுதான். கார்ப்பெட் பரப்பு என்பது சுவர்களுக்குள் உண்மையில் பயன்படுத்தக் கிடைக்கும் இடம். மாடிப்படியையும் மின்தூக்கியையும் சேர்த்துக் கணக்குக் காட்டிப் பல ஆண்டுகள் மக்களை ஏய்த்தார்கள். வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டுமானத்திற்கும் நிலத்திற்குமே செலவிட வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். பதிவு செய்யப்படாத திட்டத்தில் வீடு விற்க முகவருக்கு அனுமதி இல்லை. பொய் வாக்குறுதி தரவும் கூடாது. இவற்றை முகவர் படித்துத் தேர்வெழுதுவதால் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் அந்தச் சட்டத்தின் 9ஆவது பிரிவை ஊன்றிப் படித்தால் விஷயம் விளங்கும். ஆணையத்தில் பதிவான திட்டங்களில் மனையோ வீடோ விற்பதற்கும் வாங்குவதற்கும் துணை நிற்பவருக்கே பதிவு கட்டாயம். வாடகை வீடு பார்த்துத் தருவது அதில் சேராது. பகடி வீடு கைமாறுவது சேராது. குடிசை கைமாறுவது நிச்சயமாகச் சேராது. இந்த நகரத்து உழைக்கும் மக்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் புதிய அடுக்கக வீடு வாங்குவதில்லை. அவர்கள் தரகரைச் சந்திப்பது பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போதுதான். ஒப்பந்தம் முடிந்தால் வேறு வீடு, வேறு வீடென்றால் இன்னொரு மாத வாடகை தரகாகப் போகும். குடியிருப்பவர் அடிக்கடி மாறுவதே தரகருக்கு வருவாய் என்ற ஏற்பாட்டில், எத்தனை மணிநேரப் பயிற்சி கொடுத்தாலும் அவரது நலன் யார் பக்கம் சாயும்?

அதைவிடப் பெரிய ஓட்டை மறுசீரமைப்பில் இருக்கிறது. விளம்பரமும் விற்பனையும் புதிய ஒதுக்கீடும் இல்லாத மறுசீரமைப்புப் பணிக்கு ஆணையத்தில் பதிவு தேவையில்லை என்கிறது 3ஆவது பிரிவு. இதன் நடைமுறைப் பொருள் என்ன? குடிசைப் பகுதியை இடித்துக் கட்டும்போது, சந்தையில் விற்கப்படும் கோபுரம் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுகிறது. அந்த நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தவருக்குத் தரப்படும் கட்டடம் அந்தப் பாதுகாப்பின் வரம்பிற்கு வெளியே நிற்கிறது. தாமதத்திற்கு வட்டி கேட்டு ஆணையத்தின் கதவைத் தட்டும் உரிமை பணம் கொடுத்து வாங்கியவருக்கு உண்டு. நிலத்தையே கொடுத்தவருக்கு இல்லை.

தாராவியில் இது ஏட்டுச் சிக்கலன்று. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத் தொகையுடன் அதானி குழுமம் மறுசீரமைப்புத் திட்டத்தைக் கைப்பற்றியது. நடத்தும் நிறுவனத்தில் 80 விழுக்காடு பங்கு அதானியுடையது, 20 விழுக்காடு மாநில அரசுடையது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்வோருக்கே தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 வரை வந்தவர்கள் இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி தாராவிக்கு வெளியே போக வேண்டும். அதற்கும் பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்போருக்கும் வாடகை அல்லது தவணை முறையில், அதுவும் வெளியேதான். காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பளங்களும் தேவனார் குப்பைமேடும் இதற்காகக் குறிக்கப்பட்ட நிலங்களில் அடங்கும்.

ஒரு தேதியே ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும்போது, பழைய மின்கட்டண ரசீதும் வாக்காளர் பட்டியலும் போட்டோ பாஸும் சந்தைச் சரக்காகின்றன. யாருடைய காகிதம் செல்லும், யாருடையது செல்லாது என்று சொல்லத் தெரிந்தவர் சந்துக்குச் சந்து தோன்றுகிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மராத்தியில் அச்சிட்ட படிவத்தை இவரிடமே நீட்டுகிறார்கள். இவரை எந்தத் தேர்வும் தொடவில்லை. இவருக்கெதிராகப் புகார் செய்ய எந்த ஆணையமும் இல்லை.

தொழில் பட்டங்களும் தொடர்கல்வியும் தரகர்களைத் திருத்திவிடும் என்ற நம்பிக்கை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே மாநில உரிமம், அதைப் புதுப்பிக்கத் தொடர்வகுப்பு, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளச் சங்கம் தரும் எழுத்துகள் என எல்லாம் உண்டு. ‘ரியல்டர்’ என்பதே அங்குள்ள தேசிய சங்கத்தின் பதிவு பெற்ற வணிகப் பெயர்தான். அச்சங்கம் 1913லேயே ஒழுக்க விதிகளை வகுத்தது. 1924இல் அதில் சேர்த்த ஒரு விதி, சொத்து மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தாரை ஒரு குடியிருப்புப் பகுதிக்குள் கொண்டுவரக் கூடாது என்று முகவர்களுக்குக் கட்டளையிட்டது. நிறவெறி அங்கே ‘தொழில் ஒழுக்கம்’ என்ற பெயரிலேயே கற்பிக்கப்பட்டது! சங்கம் மன்னிப்புக் கேட்க 2020 ஆயிற்று. தரகுத் தொகையை உயர்த்தி வைத்த வழக்கில் 2024இல் 41.8 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டதும் இதே சங்கம்தான்.

மும்பையில் அந்த விதியை எழுதி வைக்கவில்லை, அவ்வளவே. ‘சைவம் மட்டும்’ என்று தரகர் சொன்னால் அது உணவைப் பற்றிய பேச்சல்ல என்பது முஸ்லிம்களுக்கும் தலித்துகளுக்கும் தெரியும். தாராவி முகவரி கொண்ட ஆதார் அட்டையைப் பார்த்ததும் வீடு ‘போய்விட்டது’ என்று பதில் வருவதும் தெரியும். மாட்டுங்காவில் வீடு தேடும் தமிழரைக் குலம் விசாரிப்பவர் இன்னொரு தமிழராகவே இருப்பதுண்டு என்பதையும் நாம் மறைக்க வேண்டாம். சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் பிரிவு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. ஒரே மதத்தினருக்கு மட்டும் உறுப்பினர் உரிமை தரும் வீட்டுவசதிச் சங்க விதியை 2005இல் உச்சநீதிமன்றமே செல்லும் என்றது. சட்டத்தில் இல்லாததைப் பாடத்திட்டம் எப்படிக் கற்பிக்கும்?

தரகரையும் ஒரே நிறத்தில் தீட்டிவிடக் கூடாது. பெரும் நிறுவனங்களுக்காக வெயிலில் வாடிக்கையாளரை அழைத்துச் செல்லும் இளைஞர்கள் பலருக்கு நிலையான ஊதியம் இல்லை, வைப்பு நிதி இல்லை, விற்றால்தான் பணம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், தேர்வுக் கட்டணம் அனைத்தும் அவர்கள் சட்டைப்பையிலிருந்தே போகின்றன. பயிற்சி அளிக்கும் அமைப்புகளிலோ கட்டுமான முதலாளிகளின் சங்கமும் இருக்கிறது. யாரிடமிருந்து வாங்குபவரைக் காக்க வேண்டுமோ அவரே காவலருக்கு ஆசிரியர்.

எனவே தேர்வை நிறுத்தச் சொல்லவில்லை, விரிவாக்கச் சொல்கிறோம். வாடகைத் தரகும் மறுவிற்பனைத் தரகும் பதிவுக்குள் வர வேண்டும். வாடகைத் தரகுக்குச் சட்டப்படி உச்சவரம்பு வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மீண்டும் தரகு வாங்குவதைத் தடை செய்ய வேண்டும். சாதி, மதம் பார்த்து வீடு மறுத்தால் வீட்டு உரிமையாளர், சங்கம், முகவர் மூவரும் பொறுப்பேற்க வேண்டும். பயிற்சியைப் பொதுப் பல்கலைக்கழகங்கள் கட்டணமின்றி நடத்த வேண்டும். மறுசீரமைப்பில் தரப்படும் வீடுகளுக்கும், விற்பனை வீடுகளுக்குள்ள அதே காலக்கெடுவும் அதே தர உத்தரவாதமும் வேண்டும். தாராவியில் கொடுக்கப்படும் ஒவ்வொரு படிவமும் தமிழிலும் இந்தியிலும் உருதுவிலும் கிடைக்க வேண்டும். அதை நிரப்பித் தருவதற்கு அரசு ஊழியர் ஒருவர் 90 அடிச் சாலையிலேயே மேசை போட்டு அமர வேண்டும்.