சட்டம் அறிவோம்: நிபுணர் சொன்ன கணக்கு



வழக்கொன்றில் வைத்தியரோ கையெழுத்து நிபுணரோ சாட்சிக் கூண்டில் ஏறினால் நீதிமன்றமே அமைதியாகிவிடும். "படித்தவர் சொல்கிறார், அதில் பிழை இருக்குமா?" என்று நாமும் எண்ணிக்கொள்வோம். இந்த எண்ணம் ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பிய கதையை இம்மாதம் பார்ப்போம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த சலி கிளார்க் ஒரு சட்டத்தரணி. 1996 டிசம்பரில் அவரது முதல் குழந்தை 11 வார வயதில் திடீரென இறந்தது. 1998 ஜனவரியில் இரண்டாவது குழந்தையும் 8 வார வயதில் இறந்தது. தாயே இரு குழந்தைகளையும் கொன்றார் என்று வழக்குத் தொடரப்பட்டது.

வழக்கில் பிரபல குழந்தை நல நிபுணர் பேராசிரியர் ரோய் மெடோ சாட்சியமளித்தார். இத்தகைய வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று என்றார். அதை அதே எண்ணால் பெருக்கி, இரு குழந்தைகள் அவ்வாறு இறக்கும் வாய்ப்பு சுமார் 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றார். 1999 நவம்பரில் ஜூரிமார் பெரும்பான்மையாகக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தனர். ஆயுள் தண்டனை கிடைத்தது.

அந்தக் கணக்கில் பிழை எங்கே? வீட்டில் மூத்த பிள்ளைக்கு இழுப்பு இருந்தால் இளையதற்கும் வரக்கூடும் என்பதை நாம் அறிவோம். ஒரே இரத்தம், ஒரே வீடு. ஆகவே ஒரு மரணத்திற்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லை என்று வைத்துப் பெருக்குவது தவறு. இன்னொன்று, லொத்தரில் பரிசு விழுவதும் மிக அரிதே. அதற்காகப் பரிசு பெற்றவரைக் கள்ளன் என்போமா? ஒரு தாய் தன் இரு குழந்தைகளையும் கொல்வதும் அரிதுதானே! இரண்டு அரிய காரியங்களில் எது நடந்திருக்கக்கூடும் என்று ஒப்பிட்டிருக்க வேண்டும். மெடோ குழந்தை வைத்தியர். புள்ளிவிபரவியல் அவரது துறையன்று. இங்கிலாந்தின் அரச புள்ளிவிபரவியல் சங்கமே 2001இல் அந்தக் கணக்கிற்கு அடிப்படையில்லை என்று பகிரங்கமாக அறிவித்தது.

2000ஆம் ஆண்டு செய்த மேன்முறையீடு தோற்றது. பின்னர்தான் இரண்டாவது குழந்தையின் உடலில் நோய்க்கிருமி காணப்பட்டதைக் காட்டும் பரிசோதனை அறிக்கை வெளிவந்தது. பிரேத பரிசோதனை செய்த வைத்தியர் அதை எதிர்த்தரப்பிற்குத் தெரிவித்திருக்கவில்லை. முக்கியமாக அதன் பேரில் 2003 ஜனவரியில் சலி விடுதலையானார். ஆனால் பட்ட துயரிலிருந்து அவர் மீளவேயில்லை. 2007இல், 42 வயதில் காலமானார்.

நமது நாட்டிலும் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 45ஆம் பிரிவில், நிபுணரின் அபிப்பிராயத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. அது அபிப்பிராயமே, தீர்ப்பன்று. அந்த அபிப்பிராயத்திற்கான காரணங்களையும் ஆராய 51ஆம் பிரிவு இடமளிக்கிறது.

ஆகவே உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் வழக்கொன்று நேர்ந்து, அதில் நிபுணர் ஒருவர் சாட்சி சொல்ல வந்தால், உங்கள் சட்டத்தரணியிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்.

ஒன்று: அவர் சொல்வது அவரது சொந்தத் துறைக்குள் அடங்கியதா?

இரண்டு: எதை வைத்து அந்த முடிவிற்கு வந்தார்?

மூன்று: செய்த பரிசோதனைகளின் முடிவுகள் அனைத்தும் நமக்குக் கிடைத்தனவா?

கேட்பது மரியாதைக் குறைவல்ல, சகோதரிகளே. சலியின் வழக்கில் இக்கேள்விகளுக்குச் சரியான விடை கிடைக்க மூன்று வருடங்களுக்கு மேல் சென்றது. அந்த வருடங்களை அவர் சிறையில் கழித்தார்.