பெயரறியான் பழுதறியான்

பொறிவினையைத் தமிழிற் கற்பிக்க இயலாது என்பார் இன்றும் உளர். பெயர் எம்மொழியில் இருந்தால் என்ன, பழுது நீங்கினாற் போதாதோ என்பது அவர் வினா. பழுதைக் காண்பதற்கே பெயரின் பொருள் வேண்டும் என்பதற்குப் பிரெஞ்சு நாட்டு மகிழுந்து ஒன்று சான்று.

1955-இல் சித்துரோவன் நிறுவனம் டி.எசு. என்னும் மகிழுந்தைப் பாரிசு நகரில் வெளியிட்டது. அதன் சக்கரங்களைத் தாங்க எஃகு வில் இல்லை. பால் மாழேசு என்னும் பொறிவல்லார் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு சக்கரத்திற்கும் ஓர் எஃகு உருண்டை. அதனுள் ஒரு சவ்வு. சவ்வின் ஒருபுறம் நைட்டிரசன் வளி, மறுபுறம் நீர்மம். மேடுபள்ளங்களில் வளியே சுருங்கி விரிந்து வில்லாகும். எக்கி நீர்மத்தை அழுத்தித் தரும். உயரச்சீராக்கி வண்டியை ஒரே மட்டத்தில் நிறுத்தும்.

இவ்வமைப்பின் பழுதுகள் ஒன்றுபோல் தோன்றும், வேர் வேறாயிருக்கும். மட்டம் குன்றாமலே வண்டி கட்டைவண்டிபோற் குலுங்கின், உருண்டையில் வளி கசிந்தொழிந்தது என்க. வண்டி எழவே மறுப்பின் உருண்டையைப் பழித்தல் பிழை; நீர்மத்தின் அளவு, வடிகட்டி, எக்கி என முறையே ஆய்தல் வேண்டும். முன்புறமோ பின்புறமோ மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்பின், உயரச்சீராக்கியையும் அதனை இயக்கும் கோல்களையும் நோக்குக.

சில நொடிக்கொரு முறை ‘டிக்’ என்னும் ஓசை எழின்? அவ்வோசை தரும் உறுப்பிற்குப் பிரெஞ்சு மக்கள் இட்ட பெயரின் பொருள் ‘இணைத்துப் பிரிப்பது’ என்பதாம். அழுத்தம் குறைந்தால் எக்கியின் ஓட்டத்தை இணைக்கும், நிறைந்தாற் பிரிக்கும். அது அடிக்கடி நிகழின் அழுத்தம் நிலைக்கவில்லை என்பது தெளிவு. சேமிப்புருண்டையில் வளி தீர்ந்திருக்கும். அன்றேல் உள்ளே கசிவிருக்கும். பெயரின் பொருளறிந்தவன் பாதிப் பழுதைக் கண்டுவிட்டான்! ஒலியை மட்டும் நெட்டுருச் செய்தவனோ, நல்ல உறுப்புகளையும் கழற்றி எறிந்துகொண்டிருப்பான்.

மற்றொன்றும் காண்க. முன்னர்ப் பயன்பட்ட சிவப்பு நீர்மம் ஈரத்தை ஈர்த்து உறுப்புகளை அரித்தது. 1966-இல் பச்சை நீர்மம் வந்தது. பிரெஞ்சு மொழியில் முன்னதற்குச் செயற்கை நீர்மம், பின்னதற்குக் கனிம நீர்மம் என்று பெயர். பெயரே வேறுபாட்டை விளக்கிவிடும். அயலார்க்கோ அவை கடையெழுத்து மட்டும் மாறும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்! ஒன்றற்குரிய அமைப்பில் மற்றதனை ஊற்றினால் அன்றே வண்டி நின்றுவிடாது. நாட்செல்ல இரப்பர் அடைப்புகள் கெட்டு, எங்கும் ஒழுகத் தொடங்கும். மொழியிற் கலப்பும் இங்ஙனமே. கலந்த அன்று கேடு தோன்றாது.

அம்முறையில் அமைந்த சித்துரோவன் மகிழுந்துகளின் ஆக்கம் 2017-இல் நின்றது. அது கற்பித்த பாடம் நிற்கவில்லை. எக்கி, வடிகட்டி, சவ்வு, உருண்டை, கசிவு, அழுத்தம் என மேலே பழுதாய்ந்த சொற்களைப் பாருங்கள். அவற்றுள் எது நம் தொழிலாளிக்கு விளங்காதது? அவன் கைத்திறனிற் குறைவில்லை. பொருள் விளங்காத பெயர்களை அவன்மேற் சுமத்தியவர்களிடமே குறை. தொழிற்பயிற்சிக் கூடங்களில் உறுப்புகளின் தமிழ்ப்பெயர்களை எழுதித் தொங்கவிடப் பெரும்பொருள் வேண்டா, மனம் வேண்டும். தமிழாசிரியரும் பொறிவினைஞரும் ஒருங்கமர்ந்து இன்றே அதனைத் தொடங்குக!