எலியாவுக்கு அப்பம், பிரசவித்தவளுக்கு என்ன?



சபையில் ஒரு கர்ப்பவதிக்காக ஏறெடுக்கப்படும் ஜெபம், குழந்தை பிறந்த செய்தி வந்ததும் ஸ்தோத்திரத்தோடு முடிந்துவிடுகிறது. அநேகத் தாய்மாருக்கு இருள் அதன்பின்பே தொடங்குகிறது. சிலருக்கு கர்ப்பகாலத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஓயாத அழுகை, குழந்தை உறங்கினாலும் தான் உறங்க இயலாமை, பிள்ளையை ஏந்தவும் மனமின்மை. பிரசவித்த முதல் சில நாள்களின் கலக்கம் தானாகத் தணிவதுண்டு. இரண்டு வாரங்களைக் கடந்தும் நீடித்தால் அது நோயாக இருக்கலாம். அதனை விசுவாசக் குறைவென்றும் பிசாசின் கட்டென்றும் பேசுவதை நாம் விட்டொழிக்கவேண்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கும், பிரசவத்திற்குப்பின் ஐவரில் ஒருவருக்கும் மனச்சோர்வு இருந்தது. அதனோடு சேர்ந்து காணப்பட்டவை எவை? குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், வேலைக்கு ஒத்தாசையின்மை. பள்ளிபாளையத்துக்கு இவற்றில் எது புதிது? தறிக்கு வாங்கிய முன்பணம் தீராத வீட்டில், பச்சை உடம்போடு தார் சுற்ற அமரும் பெண்ணை நாம் அறிவோம். "மறுபடியும் பெண்ணா?" என்று அவள் காதுபடக் கேட்பவர்களில் ஆராதனைக்கு வருகிறவர்களும் உண்டு.

சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், உறங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிப் புசிக்கச் சொன்னான். அங்கே பிரசங்கம் ஏதுமில்லை. (பிரசங்கிக்கிற எனக்கு இது சற்றுச் சங்கடமான பகுதிதான்.)

குழந்தையைப் பார்க்கச் செல்லும் சகோதரிகளே, சட்டையும் சோப்புப் பெட்டியும் போதாது. சோறு கொண்டுசெல்லுங்கள். இரண்டு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு தாயை உறங்கவிடுங்கள். பிறகு, மாமியார் அருகில் இல்லாதபோது, "நீ எப்படியிருக்கிறாய் அம்மா?" என்று கேட்டு, அவள் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். கணவன்மாரே, அழுகிற மனைவியை ஜெபக்கூட்டத்திற்கு அழைத்துவருவது நல்லது. காய்ச்சல் கண்டால் மருத்துவரிடமும் போகிறோமே, அப்படியே இதற்கும் செல்லுங்கள். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகள் உண்டு; மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். அரசின் டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம். தான் சாகவேண்டும் என்றோ, பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவேன் என்றோ அவள் சொன்னால், தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் என்னைக் கூப்பிடுங்கள். வண்டிக்கு ஏற்பாடு செய்கிறேன்.