கற்பனைச் செய்திக்கு 5 மதிப்பெண்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சிபிஎஸ்இ) பிளஸ் 2 ஆங்கிலப் பாடத்தில் செய்தியறிக்கை எழுதும் பயிற்சி நெடுநாளாக இடம்பெற்று வருகிறது. பள்ளியில் கண்காட்சி நடந்தது, மரம் நடு விழா நடந்தது என்பது போன்ற சில குறிப்புகள் தரப்படும். 120 முதல் 150 சொற்களுக்குள் மாணவர் அதை அறிக்கையாக்க வேண்டும். மதிப்பெண் 5. பெங்களூரு உள்பட நாடெங்கும் எண்ணற்ற மாணவர்கள் இதழியல் எழுத்தை முதலில் சந்திக்கும் இடம் இதுதான்.

நடக்காத விழாவுக்கு மாணவர் ஒரு தலைமை விருந்தினரை நியமிக்கிறார். அவர் பேசாத நான்கு வரிகளைப் பேச வைக்கிறார். வந்தவர்கள் ஐந்நூறு பேர் என்று எண்ணிக்கையும் போடுகிறார். நாளிதழ் அலுவலகத்தில் இதைச் செய்யும் நிருபர் அன்று மாலையே வேலையை இழப்பார். தேர்வறையிலோ முழு மதிப்பெண் கிடைக்கும். அண்மை ஆண்டுகளின் மதிப்பெண் பகிர்வில் "துல்லியம்" என்பதற்கும் 1 மதிப்பெண் உண்டு. எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் இல்லாதிருப்பதே அந்தத் துல்லியம்!

பாடநூல்களைக் குறை கூறுவதற்கில்லை. 11, 12-ஆம் வகுப்புகளுக்காக என்சிஇஆர்டி 2006-ல் வெளியிட்ட "அபிவ்யக்தி அவுர் மாத்யம்" என்ற ஹிந்தி நூல் இதழியல் எழுத்தைத் தெளிவாகவே விளக்குகிறது. யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளும், முக்கியத் தகவலை முதலில் வைக்கும் தலைகீழ்ப் பிரமிடு முறையும் அதில் உண்டு. ஆனால், அந்த ஆறில் ஒன்றையாவது பள்ளிக்கு வெளியே சென்று ஒரு மனிதரிடம் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் தேர்வில் இல்லை.

இதன் விலையைப் பெங்களூரு அறியும். 2012 ஆகஸ்டில் தாக்குதல் நடக்கப் போவதாகப் பரவிய குறுஞ்செய்திகளை நம்பி, வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் குவாஹாட்டி ரயில்களில் ஏறினர். நாடாளுமன்றம் கவலை தெரிவித்தது. மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு மத்திய அரசு தாற்காலிகத் தடை விதித்தது. 2018 மே மாதம் சாம்ராஜ்பேட்டையில் பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் ராஜஸ்தான் இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2016 காவிரிக் கலவரத்தின்போது எந்த விடியோ உண்மை, எது பழையது என்று தெரியாமல் அந்நகரத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட தவிப்பைத் தனியே சொல்லத் தேவையில்லை. "இதை யார் சொன்னது?" என்று கேட்கும் பழக்கம், நிருபராகப் போகிறவருக்கு மட்டுமா வேண்டும்?

பள்ளிகள் தயங்குவதற்குக் காரணம் பாடத்திட்டம் மட்டுமல்ல, அச்சமும்தான். கர்நாடகத்தின் பீதரில் 2020 ஜனவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிப் பள்ளிச் சிறார்கள் நடித்த நாடகத்துக்காகத் தலைமையாசிரியையும் ஒரு மாணவியின் தாயும் கைதாயினர். குழந்தைகளையே போலீஸார் விசாரித்தனர். நிர்வாகிகள் மீதான தேசத் துரோக வழக்கை உயர்நீதிமன்றம் ரத்து செய்ய 2023 ஜூன் வரை ஆயிற்று. இதைப் பார்த்த எந்தத் தலைமையாசிரியர் மாணவர்களை மாநகராட்சி அலுவலகத்துக்கு அனுப்புவார்? கருத்துரிமைக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவிலும், இதழியல் வகுப்பு மாணவர்கள் தயாரித்த பத்திரிகையின் 2 பக்கங்களைப் பள்ளி முதல்வர் நீக்கியது சரியே என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

சிபிஎஸ்இ புதிய பாடம் எதையும் தொடங்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் திட்டப்பணிக்கு ஏற்கெனவே 10 மதிப்பெண் உள்ளது. நேர்காணலுக்கும் அதில் இடமுண்டு. கற்பனை விழாவுக்கான 5 மதிப்பெண்ணையும் அதனுடன் சேர்க்கலாம். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, பெங்களூரு டேங்கர் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. அந்தத் தெருக்களில் வசிக்கும் மாணவர், டேங்கர் ஓட்டுநர், குடிநீர் வாரியப் பொறியாளர், வரிசையில் நின்ற பெண் ஆகிய மூவரையும் சந்தித்து 150 சொற்கள் எழுதட்டும். மூவரும் அப்படித்தான் சொன்னார்களா என்று ஆசிரியர் ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்து மதிப்பெண் போடட்டும்.