பிட் ஸ்ட்ரீட் விவசாயி

சிட்னி நகரத்தின் நடுவில் ஓடுகிறது பிட் ஸ்ட்ரீட். உயரமான அலுவலகங்கள், வங்கிகள், பளபளக்கும் கடைகள்... ஒரு சாண் வயல் கிடையாது. ஆனால் "பிட் ஸ்ட்ரீட் விவசாயி" என்று சொன்னால் ஆஸ்திரேலிய கிராமத்துக்காரர்களுக்கு உடனே புரிந்துவிடும். நகரத்தில் கோட்டு சூட்டோடு சம்பாதித்துக்கொண்டு, கிராமத்தில் ஒரு பண்ணையும் வாங்கிப் போட்டிருக்கும் பணக்காரருக்கு வைத்த பட்டப்பெயர் அது.

ஊருக்கு ஊர் தெருப்பெயர் மட்டும்தான் மாறும். மெல்போர்னில் "காலின்ஸ் ஸ்ட்ரீட் விவசாயி". கடல் தாண்டி நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போனால் "குயின் ஸ்ட்ரீட் விவசாயி". எல்லாமே பணம் புழங்கும் தெருக்கள். சேறே படாத பெரிய ஜீப் வண்டிகளுக்கும் இதே மாதிரி கிண்டல் உண்டு. மெல்போர்னில் அது "டூராக் டிராக்டர்", ஆக்லாந்தில் "ரெமுவேரா டிராக்டர்". டூராக்கும் ரெமுவேராவும் பணக்காரர்கள் குடியிருக்கும் பகுதிகள்!

வெறும் பொறாமையில் பிறந்த பெயரா இது? இல்லை. இதன் பின்னால் ஒரு வருமான வரிக் கணக்கு இருக்கிறது.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம்மூர் பழமொழி. பிட் ஸ்ட்ரீட் விவசாயிக்கு மிஞ்சாமல் இருப்பதில்தான் லாபமே! ஒருவருக்கு நகரத்தில் ஆண்டு வருமானம் 2,40,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ணையில் 40,000 டாலர் நஷ்டம். அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்துக் காட்ட முடிந்தால், 45 சதவீத வரி விகிதத்தில் 18,000 டாலர் வரி மிச்சம். அதாவது அவருடைய நஷ்டத்தில் கிட்டத்தட்ட பாதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. வேறு வருமானமே இல்லாத பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் அதே 40,000 நஷ்டம் வந்தால்? கழிக்கச் சம்பளம் ஏது? அவருக்கு அது முழுக்கக் கடன்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2000 ஜூலையிலிருந்து இதற்கு நிபந்தனைகள் வந்தன. தொழிலாக நடத்தாமல் பொழுதுபோக்காக வைத்திருக்கும் பண்ணைக்குச் சலுகை கிடையாது. தொழில்தான் என்றாலும் நாலு சோதனைகளில் ஒன்றிலாவது தேற வேண்டும். பண்ணை வரவு 20,000 டாலராவது இருக்க வேண்டும். அல்லது ஐந்து வருஷத்தில் மூன்று வருஷம் லாபம் காட்டியிருக்க வேண்டும். அல்லது நிலம் போன்ற சொத்தின் மதிப்பு 5,00,000 டாலராவது இருக்க வேண்டும். அல்லது மற்ற சொத்துகள் 1,00,000 டாலருக்காவது இருக்க வேண்டும். 2009-10 முதல், 2,50,000 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் பொதுவாக இந்தக் கழிவை உடனே எடுக்க முடியாது என்றும் ஆனது.

இதில் வேடிக்கையைக் கவனியுங்கள். ஐந்து லட்சம் டாலர் நிலம் வாங்க முடிந்த பணக்காரர் சுலபமாகத் தேறிவிடுகிறார். 70,000 டாலர் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, சின்ன நிலத்தில் 15,000 டாலருக்குக் காய்கறி விற்கிறவர் நாலிலும் தோற்றுப் போகலாம். போலி விவசாயியைத் தடுக்கப் போட்ட வேலியில் ஏழை விவசாயியின் வேட்டி மாட்டிக்கொள்கிறது!

இந்தக் கோபம் இன்று நேற்று வந்ததும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பூர்வகுடிகளின் மண்ணில் ஆட்டு மந்தைகளை ஓட்டிப்போய்ப் பெரும் பரப்பை வளைத்துக்கொண்டவர்களுக்கு "ஸ்குவாட்டர்" என்று பெயர். கம்பளியில் கொழித்த அவர்கள் நகரத்துக்கு வந்தால் கூடிய இடம் மெல்போர்ன் கிளப். 1838ல் தொடங்கிய அந்த கிளப் இருப்பது எங்கே தெரியுமா? காலின்ஸ் ஸ்ட்ரீட்டில்! 1861ல் நியூ சவுத் வேல்ஸில் ராபர்ட்சன் நிலச் சட்டங்கள் சிறு விவசாயிக்கு வழி திறந்தன. உடனே ஸ்குவாட்டர்கள் பினாமி பெயர்களில் நல்ல நிலத்தை வாங்கினார்கள். அதற்கு "டம்மியிங்" என்று பெயர். தண்ணீர் உள்ள துண்டுகளை மட்டும் பொறுக்கி வாங்கிச் சுற்றியுள்ள நிலத்தை உதவாமல் செய்ததற்கு "பீகாக்கிங்" என்று பெயர். நிலத்தைச் சுற்றி நடக்கும் தந்திரங்களுக்குப் பெயர் வைப்பதில் ஆஸ்திரேலியர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆனால் பிட் ஸ்ட்ரீட் என்ற பெயரில் ஒரு கோளாறு இருக்கிறது. அது விலாசத்தைப் பார்க்கிறது, செயலைப் பார்ப்பதில்லை. வெளிச் சம்பளம் இல்லாமல் பிழைக்க முடியாத உண்மையான விவசாயக் குடும்பங்கள் அங்கே ஏராளம். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அல்லது பள்ளிக்கூடத்தில் டீச்சர். வறட்சி வருஷங்களில் அந்தச் சம்பளம்தான் மாட்டுக்குத் தீவனம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் ஒருவர் சம்பளத்தைப் போட்டுப் பண்ணையைக் காப்பாற்றுகிறார். மற்றவர் பண்ணையைக் காட்டிச் சம்பளத்தைக் காப்பாற்றுகிறார். வித்தியாசம் அங்கேதான்.

நகரத்துப் பணத்தால் நன்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. வேலி போடும் ஆளுக்கும், மாடு பார்க்கும் மேனேஜருக்கும் அதனால் கூலி கிடைக்கிறது. உள்ளூரில் யாரும் வாங்க முன்வராத காலத்தில் அந்தப் பணம்தான் நிலத்தை வாங்குகிறது. ஆனால் அதே பணம் விலையை ஏற்றிவிட்டால், விவசாயம் செய்ய ஆசைப்படும் உள்ளூர் இளைஞன் எங்கே போவான்? வாரக் கடைசியில் மட்டும் ஆள் நடமாடும் பண்ணையில் களை மண்டினால், அதன் விதை பக்கத்து நிலத்துக்கும் பறக்கும். நெருப்பு பிடித்தால்? நியூ சவுத் வேல்ஸில் கிராமப்புறத் தீயணைப்புப் படை பெரும்பாலும் உள்ளூர்த் தொண்டர்களை நம்பித்தான் இருக்கிறது. 2019-20 கோடையில் காடுகள் பற்றி எரிந்தபோது ஹோஸ் பிடித்து நின்றவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். ஊரில் குடியிருக்கும் ஆள் குறையக் குறைய அந்தக் கைகளும் குறையும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எந்தத் தெருவில் இருக்கிறாய்?" என்பதல்ல. "மழை பொய்த்தால் உனக்கு என்ன ஆகும்?" என்பதே. அந்த வருஷம் அடுப்பு எரியுமா என்று கவலைப்படுகிறவர், எந்தத் தெருவில் வேலை பார்த்தாலும் விவசாயிதான். ஆடிட்டரைக் கூப்பிட்டுக் கணக்கை மட்டும் சரி பார்த்துக்கொள்கிறவருக்கு பிட் ஸ்ட்ரீட் பட்டம் தாராளமாகப் பொருந்தும். சட்டம் போடுகிறவர்களும் நிலத்தின் விலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டால், அப்படி ஒரு பட்டத்துக்கே தேவை இருக்காது.